கிரியான் போட்டும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை – நாட்பட்ட கணைய அழற்சி

சாட்ஸ்வொர்த்_மருமகள்
எல்லோருக்கும் வணக்கம். மாமாவுக்கு 54 வயது, எடை 58 கிலோ. சி.டி. ஸ்கேனில் கணையம் முழுக்கச் சுண்ணாம்புப் படிவு, நடுக்குழாய் 8 மி.மீ. விரிந்திருக்கிறது, நாட்பட்ட கணைய அழற்சி என்று வந்திருக்கிறது. ரத்தத்தில் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதி) நார்மல். மலத்தில் எலாஸ்டேஸ் (இன்னொரு கணைய நொதி) 62. கிரியான் 25000 என்ற கணைய நொதிக் கேப்சூல், நாளைக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் ஆகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடையும் இறங்கிக்கொண்டே போகிறது. எண்ணெய், நெய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். மருந்தை மாற்ற வேண்டுமா? லைபேஸ் நார்மல் என்றால் இந்த வியாதியே இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள்.

குடல்_டாக்டர்
முதலில் லைபேஸ். திடீர் அழற்சியில் செல்கள் உடைந்து நொதி ரத்தத்தில் கொட்டுகிறது, அதனால் அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. நாட்பட்ட அழற்சியில் சுரக்கும் செல்களே அழிந்து அந்த இடத்தில் தழும்புத் திசு வந்துவிடுகிறது. கொட்ட சரக்கே இல்லாத இடத்தில் லைபேஸ் எப்படி ஏறும்? நார்மலாகவோ குறைவாகவோதான் இருக்கும். சி.டி.யில் சுண்ணாம்பு தெரிந்த பிறகு ரத்த லைபேஸை வைத்து வியாதி இல்லை என்று சொல்லவே கூடாது.

எலாஸ்டேஸ்: ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைவு, 100-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. 62 கடுமையான பக்கம்தான். ஒரு எச்சரிக்கை: தண்ணீராகப் போகும் மலத்தில் இந்தச் சோதனை செய்தால் நொதி கரைந்து பொய்யாகக் குறைவு காட்டும், ஓரளவு கெட்டியான மாதிரிதான் வேண்டும். கிரியான் சாப்பிட்டுக்கொண்டே கொடுக்கலாம். சோதனை மனித எலாஸ்டேஸை மட்டும்தான் பிடிக்கும், கேப்சூலில் இருப்பதைப் பிடிக்காது.

மருந்தை மாற்றுவதற்கு முன்னால் அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்_மருமகள்
காலையில் பிரஷர் மாத்திரையோடு வெறும் வயிற்றில் ஒன்று. மதியமும் ராத்திரியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஒவ்வொன்று.

பார்மசி_கவுன்டர்
இதுதான் சிக்கல், அக்கா. கிரியான் நோயைக் குணமாக்கும் மருந்தில்லை. கணையம் சாப்பாட்டோடு அனுப்ப வேண்டிய நொதியை நாம் வெளியிலிருந்து அனுப்புகிறோம். வெறும் வயிற்றில் போட்ட ஒன்று வீண். சாப்பிட்டு முடித்துப் போட்டதும் பாதி வீண், சோறு முன்னால் போய்விட்டது, நொதி பின்னால் ஓடுகிறது.

அளவும் போதாது. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ், சிறுதீனிக்கு அதில் பாதி என்பதுதான் வழக்கமான தொடக்கம். அதாவது சோறு, ரொட்டி, கறி என்று உட்காரும் ஒவ்வொரு வேளைக்கும் 25000 கேப்சூல் இரண்டு, சமூசா, பிஸ்கட், ஒரு கப் பால் என்றால் ஒன்று. பழம், வெறும் டீ, ரூய்போஸ், ஜூஸ், ஜெல்லி இனிப்பு இவற்றுக்குத் தேவையில்லை. டாக்டரிடம் சொல்லி ஸ்கிரிப்டை மாற்றுங்கள், நீங்களாகவே ஏற்ற வேண்டாம்.

விழுங்கும் விதம்: முதல் கவளம் வாயில் போனதும் ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் கேப்சூல்களைச் சாப்பாடு முழுக்கப் பரவலாகப் பிரிக்கலாம். குளிர்ந்த தண்ணீரோடு விழுங்க வேண்டும், கொதிக்கும் டீயோடு கூடாது. மெல்லவே கூடாது. உள்ளே இருக்கும் பழுப்பு மணிகள் ஒவ்வொன்றுக்கும் தனி மேற்பூச்சு உண்டு; வயிற்று அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலில்தான் அது கரையும். மென்றால் பூச்சு உடையும், அமிலம் நொதியைத் தின்றுவிடும், பல் இடுக்கில் மாட்டிய மணி வாயைப் புண்ணாக்கும். விழுங்க முடியாதவர்கள் கேப்சூலைத் திறந்து மணிகளை ஒரு கரண்டி ஆப்பிள் கூழில் தூவி மெல்லாமல் உடனே விழுங்கி, மேலே தண்ணீர் குடிக்கலாம். பாலிலோ சூடான கஞ்சியிலோ போடக் கூடாது, பூச்சு தட்டிலேயே கரைந்துவிடும்.

டப்பாவை 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். டர்பன் கோடையில், ஜனவரியில், கார் டேஷ்போர்டில் கிடந்த டப்பாவை நம்பாதீர்கள்.

ஜோபர்க்_தமிழன்
அளவை ஏற்றிக்கொண்டே போவதற்குப் பதில் கொழுப்பை அடியோடு நிறுத்தினால் தொல்லை தீர்ந்ததே? கணைய நோய்க்குக் கொழுப்பே ஆகாது என்றுதான் காலங்காலமாகச் சொல்கிறார்கள்.

தட்டும்_தராசும்
காலங்காலமாகச் சொன்னதை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தம்பி. 2017-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியே எல்லோருக்கும் கொழுப்புக் கட்டுப்பாடு வேண்டாம் என்கிறது. நான் டயட்டீஷியன், இதில் சமரசத்துக்கு இடமில்லை: 58 கிலோவில் இறங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு முட்டையையும் கறியையும் நிறுத்துவது வியாதிக்குத் துணை போவது. கொழுப்பு செரிக்காதது நொதி இல்லாததால். நொதியைக் கொடுத்துவிட்டுக் கொழுப்பைப் பறித்தால் கலோரிக்கு எங்கே போவது? ஏ, டி, இ, கே விட்டமின்கள் நான்கும் கொழுப்போடுதான் உள்ளே போகின்றன, அதுவும் போய்விடும்.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். புரதம், கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம். மாமாவுக்கு 58 முதல் 87 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வெந்த கோழியில் 27 கிராம் அளவில் இருக்கும். டின் பில்சர்ட்ஸ் மீனை முள்ளோடு மசித்துச் சட்னி போட்டால் கால்சியமும் சேர்த்துக் கிடைக்கும், மட்டனைவிட விலையும் குறைவு. மொத்த கலோரியில் ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பிலிருந்து வரலாம். ஒரே வேளையில் குவிக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரிக்க வேண்டும்.

விலக்கு இரண்டு. ஒன்று, திடீர் வலித் தாக்குதல் வந்த நாட்கள். அப்போது சாப்பாட்டை ஆஸ்பத்திரியில் தீர்மானிப்பார்கள். இரண்டு, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக, லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேல் ஏறி அதனாலேயே அழற்சி வந்தவர்கள். அவர்களுக்குக் கொழுப்பைக் கடுமையாகக் குறைத்தே ஆக வேண்டும்.

நான் குறைக்கச் சொல்வது வேறொன்றை: நார்ச்சத்தை. நம் ஆட்களுக்கு இது கசக்கும். சுகர் பீன்ஸ் கறி, காட்ரா பீன்ஸ், பருப்பு, தவிட்டோடு பிரௌன் ரொட்டி என்று எல்லாம் ஒரே நாளில் போனால், நார் நொதியைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது, வாயுவும் உப்புசமும் தனி. பீன்ஸை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அரைக் கப், நன்றாகக் குழைந்தது, வெள்ளைச் சோற்றோடு. மட்டன் குவார்ட்டர் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றியது) சாப்பிட்டே தீர வேண்டுமென்றால் வழக்கமான இரண்டு கேப்சூல் பத்தாது. கேப்சூல் தயாரிப்பாளர் குறிப்பிலேயே ஒரு கிராம் கொழுப்புக்கு 500 முதல் 4000 யூனிட் என்று விரிந்த வரம்பு இருக்கிறது. அந்த வேளைக்கு எத்தனை என்று உங்கள் டயட்டீஷியனோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் கறி எண்ணெயை அகப்பையால் எடுத்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஜோபர்க்_தமிழன்
சரி, கொழுப்பு விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தேங்காய் எண்ணெய்? அதற்கு நொதியே வேண்டாம் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது.

தட்டும்_தராசும்
அரைகுறைத் தகவல். நொதி அதிகம் இல்லாமலே உறிஞ்சப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைத் தனியாகப் பிரித்து எம்.சி.டி. எண்ணெய் என்று விற்கிறார்கள். நொதி முழு அளவில் கொடுத்தும் எடை ஏறாதவர்களுக்கு அதை ஒரு தேக்கரண்டியில் தொடங்கி ஏற்றுவோம், எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். கடைத் தேங்காய் எண்ணெய் அதற்கு ஈடில்லை, அதில் இருக்கும் பெரும்பகுதி லாரிக் அமிலம் அவ்வளவு எளிதாக உறிஞ்சப்படுவதில்லை.

வார்டு_சிஸ்டர்
மருந்து வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கூச்சம் பார்க்காமல் டாய்லெட்டைப் பாருங்கள். செரிக்காத கொழுப்புள்ள மலம் வெளிறிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ, பருமனாக, மினுமினுப்பாக இருக்கும். ஒரு ஃப்ளஷில் போகாது, மறுபடி இழுத்தாலும் கிண்ணத்து ஓரத்தில் பிசுபிசுப்பான எண்ணெய் வளையம் நிற்கும். நாற்றம் அறை முழுக்கப் பரவும். ஒரு நோட்டில் மூன்று நாளுக்குச் சாப்பிட்டது, கேப்சூல் எண்ணிக்கை, எத்தனை தடவை போனார், எண்ணெய் இருந்ததா என்று எழுதி கிளினிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் பத்துக் கேள்வி கேட்கும் நேரம் மிச்சம்.

வாரம் ஒரு முறை, ஒரே நாள், ஒரே தராசு, காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை.

குடல்_டாக்டர்
சிஸ்டர் சொன்னது முக்கியம். ஒன்றைச் சேர்க்கிறேன்: வயிற்றுப்போக்கு இல்லை என்பதால் நொதிக் குறைவு இல்லை என்று அர்த்தமில்லை. கொழுப்புப் போக்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது லைபேஸ் சுரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான். பலர் கொழுப்பைத் தாங்களாகவே தவிர்த்து அறிகுறியை மறைத்துவிடுகிறார்கள், விட்டமின் டி மட்டும் தரையில் கிடக்கும்.

சரியான அளவு, சரியான நேரம் இரண்டும் இருந்தும் சரியாகவில்லை என்றால் அடுத்த படி ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பான். கணையத்திலிருந்து அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் வராததால் சிறுகுடல் அமிலமாகவே இருக்கும், மணிகளின் பூச்சு நேரத்துக்குக் கரையாது. அமிலம் குறைந்தால் கரையும். அதற்கும் அசையவில்லை என்றால் சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கம், சீலியாக் நோய், ஜியார்டியா, மெட்ஃபார்மின் மாத்திரையால் வரும் போக்கு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

பெனோனி_ராஜி
கிரியான் பன்றியிலிருந்து எடுப்பது என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் தொட மாட்டேன் என்கிறார்கள். செடியிலிருந்து வரும் நொதி ஹெல்த் ஷாப்பில் இருக்கிறதே?

பார்மசி_கவுன்டர்
ஆமாம், பன்றியின் கணையம்தான், மறைப்பதில் அர்த்தமில்லை. அதே பலமுள்ள சைவ மாற்று இன்று கடையில் இல்லை. ஹெல்த் ஷாப் டப்பாவில் பெரிய எண் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த யூனிட்டை அளக்கும் முறையே வேறு, கிரியான் யூனிட்டோடு ஒப்பிட முடியாது, பெரும்பாலானவற்றுக்கு மணிப் பூச்சும் கிடையாது. உயிர்காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு என்று பல மதப் பெரியவர்களும் ஏற்கிறார்கள். உங்கள் குருக்களிடமோ மௌலவியிடமோ நேரே கேட்டுவிடுங்கள். முடிவு வீட்டுப் பெரியவர்களுடையது, ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்தே எடுக்கட்டும்.

சாட்ஸ்வொர்த்_மருமகள்
காவடி விரதம் பத்து நாள் வருகிறது. மாமா ஒரு வருஷமும் விட்டதில்லை.

தட்டும்_தராசும்
சைவம் பிரச்சினையில்லை, பட்டினிதான் பிரச்சினை. ஒரே வேளை சாப்பாடு என்று வைக்க வேண்டாம். பால், தயிர், பனீர், நன்றாக வெந்த பயத்தம்பருப்பு, ரவை, சோறு என்று ஐந்து வேளையாகப் பிரியுங்கள். புளித்த மீலி மீல் (சோளமாவு) கஞ்சி குடிக்கலாம், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, அதை மட்டும் குடித்து நாளை ஓட்டக் கூடாது. பாலும் பனீரும் இருக்கும் வேளைக்கு கேப்சூல் கட்டாயம். இன்சுலின் போடுபவராக இருந்தால் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

குடல்_டாக்டர்
இன்சுலின் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கணைய நோயால் வரும் நீரிழிவு டைப் 2 அல்ல, டைப் 3சி என்று தனியாகவே சொல்வார்கள். இன்சுலின் மட்டுமல்ல, சர்க்கரை விழும்போது அதைத் தூக்கிவிடும் குளூக்கோகானும் குறைந்திருக்கும். அதனால் கூடினால் வானம், குறைந்தால் பாதாளம். சாப்பிடாமல் இன்சுலின் போட்டுவிட்டு ஒரு டோட் பிராந்தியும் உள்ளே போனால் நினைவு தப்பும். லேசான நிலையில் மெட்ஃபார்மின் போதலாம், பலருக்குச் சீக்கிரமே இன்சுலின் தேவைப்படும். எல்லோரும் கேட்கும் எடைக் குறைப்பு ஊசி வகையையும், கிளிப்டின் என்று முடியும் மாத்திரைகளையும் கணைய அழற்சி உள்ளவர்களுக்குத் தவிர்ப்போம். நீரிழிவு இன்னும் வராதவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்க்க வேண்டும்.

கிரியான் அளவு சரியானதும் சர்க்கரை சட்டென்று ஏறலாம். இதுவரை வெளியே போன சாப்பாடு இப்போது உடம்பில் சேர்கிறது, அவ்வளவுதான். மருந்தை நிறுத்தாதீர்கள், சர்க்கரை மருந்தைச் சரிசெய்யுங்கள்.

பெனோனி_ராஜி
வலி? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. கவுன்டரில் கிடைக்கும் கோடீன் கலந்த மாத்திரையை நாளைக்கு ஆறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்மசி_கவுன்டர்
அந்தப் பாதை முட்டுச்சந்து. அந்தக் கலவைகளில் பெரும்பாலும் பாரசிட்டமாலும் இருக்கும், சிலதில் ஐபுப்ரோஃபெனும் இருக்கும். மேலே பனாடோவும் (அதுவும் பாரசிட்டமால்தான்) போட்டால் பாரசிட்டமால் கணக்கு நாளைக்கு 4 கிராம் தாண்டிவிடும். எடை குறைந்த, குடிப்பழக்கமுள்ள உடம்புக்கு அந்த 4 கிராமே அதிகம். கோடீன் குடலைக் கட்டிப்போடும், அந்த மலச்சிக்கலே வயிற்றுவலியாக வரும், அதற்கு இன்னொரு மாத்திரை. நாளடைவில் நரம்பு கூடுதல் உணர்ச்சியாகி, மாத்திரையே வலியை வளர்க்கும்.

குடல்_டாக்டர்
வலிக்கு ஒரே காரணமில்லை, அதனால் ஒரே மருந்துமில்லை. குழாயில் கல் அடைத்து அழுத்தம் ஏறுவது ஒன்று, நரம்புகள் தாமே கெட்டுப்போவது இன்னொன்று. பிந்தையதில் வலியின் பாதி தண்டுவடத்திலும் மூளையிலும் நடக்கிறது, கல்லை எடுத்தாலும் போகாது. அதற்குத்தான் பிரிகாபலின் வகை; தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதால் குறைந்த அளவில் ராத்திரி தொடங்கி ஏற்றுவோம்.

மாமாவின் குழாய் 8 மி.மீ. என்கிறீர்கள். வலி இருந்தால் அவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. குழாய்க் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைத்து எண்டோஸ்கோப்பால் எடுக்கலாம், அல்லது குழாயை நீளவாட்டில் திறந்து குடலோடு தைக்கும் அறுவை செய்யலாம். நெதர்லாந்தில் 88 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு, எண்டோஸ்கோப்பில் தொடங்கியவர்களைவிட ஒன்றரை வருஷ காலத்தில் வலி குறைவாக இருந்தது. வலுவான மாத்திரைக்கு வருஷக்கணக்கில் பழகிய பிறகு கத்தி வைத்தால் பலன் குறைகிறது. ஆர்.கே. கான் போன்ற ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்கள் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கேட்கலாம். அங்கே நேரடியாகப் போய் வரிசையில் நிற்க முடியாது, கடிதம் வேண்டும்.

ஜோபர்க்_தமிழன்
குடிக்காதவர்களுக்கும் வருகிறதே? கேரளாவில் மரவள்ளிக் கிழங்கால் வருகிறது என்று படித்தேன்.

குடல்_டாக்டர்
அது பழைய சந்தேகம், நிரூபணமாகவில்லை. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே கணையத்தில் பெரிய பெரிய கல்லும் நீரிழிவுமாக வரும் ஒரு வகையை ரொம்ப காலமாகப் பார்த்திருக்கிறார்கள். இப்போது தெரிவது, ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் வரும் ஒரு மாற்றம் அவர்களில் நிறையப் பேரிடம் இருக்கிறது என்பது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து நேட்டாலுக்கு வந்தவர்கள் மூட்டையோடு மரபணுவையும்தான் கொண்டு வந்தார்கள். அதனால் 30 வயதுக்குள் காரணமில்லாமல் வந்தாலோ, குடும்பத்தில் இன்னொருவருக்கு இருந்தாலோ மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். கால்சியம், ட்ரைகிளிசரைடு, ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் தன்னெதிர்ப்பு வகைக்காக ஐஜிஜி4 என்ற ரத்தச் சோதனை இவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். எல்லாக் கணைய நோயாளியையும் குடிகாரன் என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

அதற்காகக் குடிக்கு விடுப்பு இல்லை. எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் வந்த பிறகு பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது, பியரும் சேர்த்துத்தான். சிகரெட் தனியாகவே கணையத்தைக் கெடுக்கிறது, சுண்ணாம்புப் படிவை வேகப்படுத்துகிறது. குடியை விட்டுவிட்டு லூஸ் சிகரெட்டும் ஹபிளியும் (ஹூக்கா) தொடர்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

வார்டு_சிஸ்டர்
எப்போது காத்திருக்காமல் கேஷுவல்ட்டிக்குப் போக வேண்டும்: முதுகுக்குப் பாயும் கடும் வலியோடு நிற்காத வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சள், கறுப்பு மலம் அல்லது ரத்த வாந்தி. அவ்வளவு அவசரமில்லை என்றாலும் அதே வாரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டியது: நொதி சரியாகப் போட்டும் எடை இறங்குவது, பழகிய வலியின் குணம் மாறுவது, திடீரென்று சர்க்கரை கட்டுக்கடங்காமல் போவது. இந்த நோயில் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். சாப்பிட்டது சாப்பிட்டபடி வாந்தியாக வந்தால் வீங்கிய கணையமோ நீர்க்கட்டியோ குடலை நெருக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எலும்பை மறக்காதீர்கள். விட்டமின் டி உள்ளே போகாததால் ஐம்பது வயதிலேயே இடுப்பு உடைகிறது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்_மருமகள்
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கிரியானுக்கு முழுசாகக் கட்டவில்லை, மாதக் கடைசியில் தீர்ந்து போகிறது. என்ன கேட்க வேண்டும்?

பார்மசி_கவுன்டர்
மூன்று வேளைக்கு இரண்டு இரண்டு, இரண்டு சிறுதீனிக்கு ஒவ்வொன்று, ஆக நாளைக்கு எட்டு, மாதத்துக்கு 240. "நாளைக்கு மூன்று" என்று எழுதிய ஸ்கிரிப்டில் 90-க்கு மேல் எந்த பார்மசியும் கொடுக்க முடியாது. அதனால் புது ஸ்கிரிப்டில் "சாப்பாட்டோடு 2, சிறுதீனியோடு 1, நாளைக்கு 8 வரை" என்று வேளை வாரியாக எழுதச் சொல்லுங்கள். ஐசிடி என்ற நோய்க் குறியீடு வெறும் வயிற்றுவலி என்று போயிருந்தால் நிராகரிப்பார்கள். நாட்பட்ட கணைய அழற்சிக்கு கே86.1, குடியால் வந்தது என்றால் கே86.0, கொழுப்புப் போக்குக்கு கே90.3-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். சி.டி. ரிப்போர்ட், எலாஸ்டேஸ் 62 தாள், ஆறு மாத எடைக் கணக்கு மூன்றையும் இணைத்து டாக்டர் ஒரு மோட்டிவேஷன் கடிதம் எழுதினால் கிரானிக் பெனிஃபிட்டில் பதிவு கேட்கலாம். நீரிழிவும் இருந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், அது நாட்பட்ட நோய்ப் பட்டியலில் ஏற்கெனவே உண்டு. ஸ்கிரிப்ட் மாறும் வரை கையில் இருப்பதை டாக்டர் சொன்ன எண்ணிக்கையிலேயே, ஆனால் சாப்பாட்டோடு கொடுங்கள். காலை வெறும் வயிற்றுக் கேப்சூலை இன்றைக்கே காலைச் சாப்பாட்டுக்கு நகர்த்திவிடுங்கள்.